கடல் தாண்டிய குத்தகைதாரர்

நாகநாதனைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், கட்சி ஆபீசில் சம்பளத்துக்கே வைத்திருக்கிறார்கள். நாகநாதன் பஞ்சாயத்து மெம்பர்கூட இல்லை. பாபநாசத்துக்குத் தெற்கே, குடமுருட்டித் தண்ணீர் பாயும் ஓர் ஊரில் ஐந்து மா நிலத்துக்குக் குத்தகைதாரர், அவ்வளவுதான். ஏக்கர் கணக்கில் சொன்னால் இரண்டைத் தொடாது. ஆனால் உலகத்தில் உள்ள சட்டங்கள் எல்லாம் அந்த ஐந்து மாவை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டன என்று நம்பிய ஒரே மனிதர் அவர்தான். அந்த நம்பிக்கையோடு அவர் வெளிநாடு போய்க் கடை வைத்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

என் பெயர் கலந்தர், ராஜகிரிக்காரன். எங்கள் தெருவில் ஆண்பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே அது பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் வைப்பார்கள். நானும் தெரு வழக்கப்படி கடல் தாண்டிப் போய் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினேன். எந்த நாடு என்று மட்டும் சொல்ல மாட்டேன். என் விசா இன்னும் உயிரோடு இருக்கிறது, அதைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

முதலில் அந்த ஐந்து மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலம் மிராசுதார் சாரங்கபாணியுடையது. நாகநாதனின் அப்பா காலத்திலிருந்தே உழுதது இவர்கள் குடும்பம், பட்டா அவர் பேரில். நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்தபோது எங்கள் பக்கத்து மிராசுதார்கள் எல்லாம் திடீரென்று தர்மவான்கள் ஆகிவிட்டார்கள். பேரன், பேத்தி, சம்பந்தி, சமையற்காரர், செத்துப்போன சித்தப்பா என்று ஆளுக்குக் கொஞ்சம் நிலம் எழுதி வைத்தார்கள். ஒரு மிராசுதார் வீட்டுப் பசுமாட்டுக்கும் பட்டா இருக்கிறது என்று மேடையில் பேசினார்கள். அந்த மாட்டை நான் பார்த்ததில்லை. உழுதவனுக்கே நிலம் சொந்தம் என்றும் அதே மேடையில் முழங்கினார்கள். அந்த மேடையைப் போட்டிருந்ததே சாரங்கபாணியின் களத்தில்தான்.

சாரங்கபாணிக்கு ஐந்து மாவை மைத்துனர் பேருக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு நாகநாதன் நிலத்தைவிட்டு இறங்க வேண்டும். இந்தக் குறுவைக்கு உழ வேண்டாம் என்று தன் காரியஸ்தர் சிங்காரவேலு மூலம் சொல்லி அனுப்பினார். நாகநாதன் தலையை ஆட்டிவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அங்கே இங்கே கடன் கேட்டு நாற்று சேர்த்து, தெற்குத்தெருப் பெண்களைத் திரட்டி இறக்கிவிட்டார். அவர் மனைவி தங்கமணியும் முந்தானையைச் செருகிக்கொண்டு அவர்களோடு நட்டாள். சிங்காரவேலு ஆட்களோடு வந்து சேர்ந்தபோது ஐந்து மாவும் பச்சையாக நின்றது. நட்ட பயிரை அழித்துவிட்டு ஆளை இறக்க எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். அறுவடைக்குள் நாகநாதன் ரெவின்யூ கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே சாரங்கபாணியின் வக்கீல் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இவர் குத்தகைதாரர் இல்லை, பண்ணையாள், கூலிக்கு உழுதவர் என்றார். குத்தகை நெல்லுக்கு எந்த மிராசுதாரும் ரசீது கொடுத்ததில்லை என்பதால் வக்கீலுக்கு அந்தத் தைரியம். ஆனால் நாகநாதனின் அப்பா விவரமானவர். ஒவ்வொரு தை மாதமும் மிராசுதார் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வரிசை கொண்டுபோவார். போகும்போது ஊரில் பெயருள்ள இரண்டு பேரைக் கூடவே அழைத்துக்கொண்டு போவார். கூலி வாங்குகிறவன் எவனும் தன் அரிசியை முதலாளிக்கு வரிசையாகச் சுமந்துபோக மாட்டான். அந்தச் சாட்சிகள் வந்து நின்றார்கள். நாகநாதன் பெயர் குத்தகைதாரர் பதிவேட்டில் ஏறியது.

அதோடு ஊர் நிம்மதி போனது. சேற்றில் எவன் கை இருக்கிறதோ அவனே குத்தகைதாரன், நட்டுவிட்டால் அறுக்கும்வரை யாராலும் இறக்க முடியாது, எதைக் கொடுத்தாலும் சாட்சி வைத்துக் கொடு என்று அவர் வரப்பில் நின்று பேச ஆரம்பித்தார். வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷத்தில்கூட இந்தப் பேச்சு வந்தது. நடவுக்கு வந்த பெண்கள் முதுகை வளைத்தபடி இதையெல்லாம் கேட்டாக வேண்டும். அவர்களில் அம்சம் என்று ஒருத்தி. புருஷன் இல்லாதவள், நடவு வரிசையில் முதல் ஆள். அவள் ஒருநாளும் பதில் பேசியதில்லை. அவளுக்குக் காது மந்தம் என்றே நாகநாதன் நினைத்திருந்தார்.

சூரியன் போய் இலை வந்தது. சாரங்கபாணி வீட்டுச் சுவரில் சின்னம் மாறியது, பட்டா மாறவில்லை. அதுதான் நாகநாதனின் தீராத வலி. குத்தகைதாரர் என்பது என்ன இருந்தாலும் அடுத்தவன் நிலத்தில் நிற்பதுதான். அந்த ஐந்து மா தன் பேரில் எழுதப்பட வேண்டும், தாலுகா ஆபீசில் தன் பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது. வழக்கில் சலித்துப்போயிருந்த சாரங்கபாணியும் ஒருநாள், விலையைக் கொண்டுவந்து வைத்தால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். நெல் விற்று அந்த விலையைச் சேர்ப்பதென்றால் நாகநாதன் இன்னும் இரண்டு பிறவி எடுக்க வேண்டும். நான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த சமயம், அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அங்கே ஒரு மெஸ் வைக்க வேண்டும், நம் ஊர் ஆட்கள் நல்ல சோற்றுக்கு ஏங்குகிறார்களாமே என்றார். ஏங்கியது உண்மை. அதில் நானும் ஒருவன்.

அவருக்கு நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். சொல்லவில்லை என்று பின்னால் பேச்சு வரக்கூடாது என்று தங்கமணியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொன்னேன்.

"அண்ணே, அங்க கடை நம்ம பேர்ல வைக்க முடியாது. லைசன்ஸ் அந்த நாட்டுக்காரன் பேர்ல. கட்டட வாடகைச் சீட்டும் அவன் பேர்ல. நம்ம விசாவும் அவன் குடுக்கறது. அவனுக்குக் கபீல்னு பேரு. நாளைக்கு அவன் போன்னு சொன்னா, கடையை விட்டு இல்ல, நாட்டை விட்டே போகணும்."

நாகநாதன் சிரித்தார். "பாய், நீங்க சொல்றது பினாமி. எங்க ஊர்ல மாட்டுக்கே பட்டா இருக்கு. பேரு யாருதுங்கறதா கேள்வி? உழுதது யாருங்கறதுதான் கேள்வி."

அங்கே உழுதவன் சட்டம் கிடையாது என்றேன். ஒப்பந்தம் எதுவானாலும் அந்த நாட்டு மொழியில் எழுதி, அந்த நாட்டு கோர்ட்டில் பதிய வேண்டும், அங்குள்ள வக்கீல் ஒருவரைப் பார்க்க வேண்டும், விசாவில் என்ன வேலை என்று போட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும் என்றேன். ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்பதுபோல் கேட்டார். மறுநாள் பாபநாசம் போய், பத்திரம் எழுதுகிறவரிடம் முத்திரைத்தாள் வாங்கிவந்தார். தமிழ்நாட்டு முத்திரைத்தாள். மேற்படி கடையைச் சர்வ சுதந்திர பாத்தியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று முத்து முத்தாக எழுதி வாங்கியிருந்தார். நான்கெல்லை விவரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. போய் இறங்கியதும் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம் என்றார். நான் என் வாப்பாவை நினைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தேன்.

புறப்படும் முன் நிலத்தை அம்சத்திடம் வாரத்துக்கு விட்டார். அதாவது அவள் பயிரிட்டு, விளைச்சலில் பாதியைத் தங்கமணியிடம் அளந்துவிட வேண்டும். தங்கமணிக்கு இது பிடிக்கவில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரன் மனைவி சேற்றில் நின்றால் ஊர் என்ன பேசும் என்று கேட்டார். அப்போது அவரிடம் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோ மட்டும்தான் இருந்தது, பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. ஆனாலும் அன்றைக்கே தங்கமணியை மேட்டில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்.

அவருக்குக் கிடைத்த கபீல் கெட்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஊருக்குத் திரும்புகிறவர்கள் சொல்லும் கதையில் கபீல் எப்போதும் ராட்சசனாக இருப்பான். இவர் படகு ஓட்டிய காலத்துக் கிழவர், வெள்ளைத் தாடி, எதற்கெடுத்தாலும் மாஃபி முஷ்கில் என்பார். பிரச்சினை இல்லை என்று அர்த்தம். அந்த நாட்டில் அந்த வார்த்தைக்கு விலை கிடையாது, அள்ளி அள்ளிக் கொடுப்பார்கள். நாகநாதன் முத்திரைத்தாளை விரித்து வைத்தார். நான்கெல்லை அதற்குள் நிரம்பியிருந்தது. வடக்கே பாகிஸ்தான்காரர் முடிவெட்டும் கடை, கிழக்கே கலந்தர் கணக்கெழுதும் துணிக்கடை, தெற்கே பொதுச்சாலை, மேற்கே மணல். நான் அதை வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னேன். கிழவர் முத்திரையைத் தடவிப் பார்த்தார், அழகாக இருக்கிறது என்றார், மாஃபி முஷ்கில் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"இந்தத் தாளுக்கு இங்க மதிப்பு இல்லண்ணே, இதுல அப்பளம் மடிச்சுக் குடுக்கலாம்" என்றேன். கையெழுத்து இருக்கிறது பாய் என்று அவர் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

விசாவில் சமையற்காரர் என்று போட்டிருந்தது. அதை நான் விரலால் தொட்டுக் காட்டினேன். அவருக்கு அதில் பெருமைதான். சமைக்கத்தானே போகிறேன் என்றார்.

மெஸ் நன்றாக நடந்தது. அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை, என் வயிறே அங்கேதான் நிறைந்தது. வெயிலில் கட்டட வேலை செய்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் வத்தக்குழம்பு வாசனைக்கே கண் கலங்குவார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது, அடுப்புக்கு மேடை கட்டியது, நகராட்சி அதிகாரி குற்றம் சொன்ன சாக்கடையை மாற்றியது எல்லாம் நாகநாதன் தன் கையால் செய்தது. வாசற்பலகையில் பெரிய அரபி எழுத்தில் கபீலின் பெயர். அதன் கீழே, உற்றுப் பார்த்தால் தெரியும் அளவில், காவேரி மெஸ் என்று தமிழில் இருந்தது. அந்தப் பெரிய எழுத்தைப் பார்த்து எவ்வளவு அழகாகக் காவேரி என்று எழுதியிருக்கிறார்கள் என்று கடைக்கு வந்தவரிடமெல்லாம் காட்டுவார். அது காவேரி இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு நான் விட்டுவிட்டேன்.

தை பிறந்தது. நாகநாதன் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு கபீல் வீட்டுக்குக் கிளம்பினார். முடிவெட்டும் கடைக்காரரையும் என்னையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று நான் கேட்கவே இல்லை, பார்த்ததும் புரிந்துவிட்டது. கிழவருக்கோ ஒன்றும் புரியவில்லை, பரிசு என்று நினைத்து எங்களுக்குப் பேரீச்சம்பழமும் காப்பியும் கொடுத்தார். திரும்பி வரும்போது நாகநாதன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். குத்தகை நிரூபணம் ஆகிவிட்டதாம். ஒவ்வொரு தையிலும் இது நடந்தது. முடிவெட்டுகிறவர் பேரீச்சம்பழத்துக்காகவே நாள் பார்க்க ஆரம்பித்தார்.

விலை ஏறக்குறைய சேர்ந்துவிட்டது, அடுத்த குறுவைக்குள் ஐந்து மா என் பேரில் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில் கபீலின் மருமகன் எங்கேயோ படித்துவிட்டு வந்து சேர்ந்தான். அவனுக்கு வீடியோ கேசட் கடை வைக்க வேண்டும், அந்த இடம்தான் வேண்டும். கிழவர் கூச்சத்தோடு வந்தார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடு, ஊருக்கு டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன், வேறு வேலை வேண்டுமானாலும் பார்க்கலாம், மாஃபி முஷ்கில் என்றார்.

நாகநாதன் சரி என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரிந்ததுதான், குறுவைக்கு உழ வேண்டாம் என்றபோதும் இப்படித்தான் ஆட்டினார். மாதக் கடைசியில் போய்ப் பார்த்தால், இருக்கிற அண்டா எல்லாவற்றிலும் அரிசியும் உளுந்தும் அரைத்து மாவு நிரப்பி வைத்திருக்கிறார். அடுப்பு எரிகிறது. பிள்ளைகளிடம் இந்த வாரம் முழுக்க இட்லி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"மாவு புளிச்சுக்கிட்டிருக்கு பாய்" என்றார். "புளிக்கிற மாவைக் கொட்டிட்டு ஆளை இறக்க எந்தச் சட்டத்துலயும் இடம் கெடையாது. இது தீர்றதுக்குள்ள அடுத்த மாவு அரைச்சிடுவேன்."

குறுவை அறுப்பதற்குள் அடுத்த போகமான தாளடிக்கு நாற்று விடும் கணக்கு. நான் கெஞ்சினேன், திட்டினேன், தங்கமணியின் பெயரைச் சொன்னேன். இது பாபநாசம் இல்லை அண்ணே, இவர்கள் இட்லி பார்த்ததே இல்லை என்றேன். அவர் மாவைக் கிண்டிக்கொண்டே, அறுவடை ஆகட்டும், பேசலாம் என்றார்.

காலையில் போலீஸ் வந்தது. அதிகாரி இளைஞர், மரியாதையானவர், அவருக்குப் பின்னால் மருமகன். கிழவர் வரவில்லை, அவருக்கு வெட்கம். மொழிபெயர்க்க என்னைப் பக்கத்துக் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். லைசன்ஸ் யார் பேரில் என்று அதிகாரி கேட்டார். கபீல் பேரில். கட்டடம்? கபீல் பேரில். இந்த மனிதரின் விசா? அதுவும் கபீல் கொடுத்தது. நாகநாதன் முத்திரைத்தாளை நீட்டினார். அதிகாரி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். தை மாதத்து அரிசிக்குச் சாட்சி சொல்ல முடிவெட்டுகிறவரை அழைத்தார்கள். அவர் கடை வாசலில் பூட்டுத் தொங்கியது, அவருக்கும் ஒரு கபீல் இருக்கிறார் அல்லவா?

கடைசியில் நாகநாதன் நேராக அதிகாரியைப் பார்த்து, இந்த இடத்தில் இத்தனை வருஷமாகச் சமைத்தது யார் என்று கேளுங்கள் பாய் என்றார். கேட்டேன். அதிகாரி விசாவை இன்னொரு தடவை பார்த்தார். சமையற்காரர் என்று போட்டிருக்கிறது, சமையற்காரர் சமைத்திருக்கிறார், இதில் புகார் என்ன என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"என்ன பாய் சொல்றாரு?"

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு, அவருக்குப் புரியும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று தோன்றியது.

"பண்ணையாள்னு சொல்றாருண்ணே."

நாகநாதன் கரண்டியைக் கீழே வைத்தார். ரெவின்யூ கோர்ட்டில் ஜெயித்த வழக்கில் வேறு ஒரு நாட்டில் தோற்றுப்போனார். அதுவரை அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது. அடுப்பைத் தானே அணைத்துவிட்டு, மாவு வீணாகப்போகிறதே, பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். கிழவர் சொன்னபடி டிக்கெட் எடுத்துக் கொடுத்தார், கூட ஒரு கம்பளியும் கொடுத்தார். மெஸ்ஸுக்குப் போட்ட அடுப்பு, பாத்திரம், மேஜை எல்லாம் லைசன்ஸ்காரருக்குச் சேர்ந்தது. கையில் சேர்த்து வைத்திருந்தது மட்டும் நாகநாதனோடு வந்தது.

என் மகள் ஹலீமாவின் நிக்காஹ்வுக்காக நானும் அதே விமானத்தில் ஊருக்கு வந்தேன். திருச்சியில் இறங்கியதும், போகட்டும் பாய், ஐந்து மா இருக்கிறது, கையில் இருப்பதைச் சாரங்கபாணியிடம் கொடுத்துப் பேசி முடித்துவிடுகிறேன் என்றார். பாபநாசத்தில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வயலுக்குப் போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

சம்பா முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அம்சம் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நாகநாதன் வரப்பில் நின்று, வந்துவிட்டேன், இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தாராளமாக அறிவித்தார். அம்சம் முதுகை நிமிர்த்தினாள். அவள் நிமிர்ந்து நின்று நான் அப்போதுதான் பார்த்தேன், நல்ல உயரம்.

"நட்டாச்சுங்கய்யா" என்றாள்.

"அதான் தெரியுதே."

"நட்டுட்டா அறுக்குற வரைக்கும் யாரும் இறக்க முடியாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க. இத்தனை வருசமா சேத்துல என் கைதான் இருக்கு. குத்தகையில என் பேரைப் பதியச் சொல்லி மனுக் குடுத்திருக்கேன்."

காது மந்தமானவள், ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு போகத்துக்கும் வாரத்தைத் தங்கமணியிடம் அளந்தபோது தெற்குத்தெருப் பெண்கள் இரண்டு பேர் கூடவே வந்து நின்றார்களாம். நாகநாதன் அன்றைக்கு அவளைத் திட்டிய திட்டை எழுத முடியாது. நன்றி கெட்டவள், திருடி என்பதெல்லாம் அதில் மரியாதையான வார்த்தைகள். வீட்டுக்குப் போனால் தங்கமணி இதற்காகவே காத்திருந்தாள்.

"ஒரு முடி நாத்து நான் நட்டிருந்தா குடும்பத்துல ஒருத்தி உழைச்சான்னு ஆகியிருக்கும். என்னைச் சேத்துல இறங்காதேன்னு சொன்னது யாரு?"

அவர் பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்துக் கொடுத்தார். ஐப்பசிப் புழுக்கத்தில் தங்கமணி அதை அவர் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

இனிமேல்தான் சாரங்கபாணி உள்ளே வருகிறார். அவர் நாகநாதனைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார், நானும் போனேன். விஷயத்தை மிராசுதார் ரொம்பச் சுருக்கமாகச் சொன்னார். நீ ஊரில் இல்லை, பாஸ்போர்ட் அதைச் சொல்லும், ஆகவே நீ குத்தகைதாரர் இல்லை. அம்சம் வெறும் கூலிக்காரி என்று விசாரணையில் நீ ஒரு வார்த்தை சொன்னால் அவளும் குத்தகைதாரர் இல்லை. நிலம் சிக்கல் இல்லாமல் என் கைக்கு வந்துவிடும். வந்த அன்றைக்கே நீ கொண்டுவந்திருப்பதை வாங்கிக்கொண்டு உன் பேருக்கு எழுதிவிடுகிறேன். சிங்காரவேலு ஒரு தாளை நீட்டினார். கிரயப் பத்திரத்தின் வரைவு. வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நாகநாதன் என்று டைப் அடித்திருந்தது.

நாகநாதன் அந்த ஒரு பெயரையே ரொம்ப நேரம் படித்தார். நான்கெல்லையையும் படித்தார், எல்லாம் சரியாகவே இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. அவர் வாழ்க்கையில் கேட்டதெல்லாம் அதுதானே.

தாலுகா ஆபீசில் விசாரணை. நாகநாதன் வெளிநாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாரங்கபாணி முன்வரிசையில். அம்சம் சுவரோரமாக நின்றாள், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. சாரங்கபாணியின் வக்கீல் அதே பழைய ஆள், தலைமுடி மட்டும் நரைத்திருந்தது. வாதம் நரைக்கவில்லை. இந்தப் பெண் குத்தகைதாரர் இல்லை, கூலிக்கு நட்டவள், பண்ணையாள் என்றார்.

அந்த வார்த்தை வந்ததும் நாகநாதன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க சொல்லுங்க, நாகநாதன்" என்றார் தாசில்தார். "இந்த அம்மா யாரு? கூலியா, குத்தகையா?"

சிங்காரவேலு செருமினார். கிரய வரைவு அவர் கையிலிருந்த பைலில் தெரிந்தது.

"சமைச்சது அவதாங்க" என்றார் நாகநாதன்.

தாசில்தாருக்குப் புரியவில்லை. என்ன என்று கேட்டார்.

"உழுதது. உழுதது அவதாங்க. கூலி இல்ல. எனக்கு வாரம் அளந்தா, சாட்சி வச்சு அளந்தா. நானும் என் சம்சாரமும் வயல்ல கால் வைக்கல."

அந்த அறையில் இருந்தவர்கள் வாய் தவறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெளியே தாழ்வாரத்துக்கு வந்து நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் சாரங்கபாணி காரில் ஏறிப் போனார். சிங்காரவேலு போகிற போக்கில் அந்த வரைவை நான்காக மடித்து, டீக்கடை பெஞ்சில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நாகநாதனும் அதே கடைக்குத்தான் வந்தார். அந்தக் கபீல் கிழவர்மேல் தப்பு சொல்ல முடியாது பாய், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றார். செய்யவில்லையே அண்ணே என்றேன். அவர் டீயை ஊதிக்கொண்டே, காசை நீங்களே கொடுத்துவிடுங்கள், நான் நிலமில்லாதவன் என்றார்.

அம்சத்தின் பெயர் பதிவேட்டில் ஏறியது. சம்பா அறுவடை நன்றாக இருந்தது. பொங்கலுக்கு மறுநாள் நான் நாகநாதன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அம்சம் தலையில் ஒரு மூட்டை அரிசியோடு வந்தாள். பின்னால் தெற்குத்தெருப் பெண்கள் இரண்டு பேர். வழக்கம் வழக்கம்தானே, அவளுக்கும் வரிசை கொண்டுபோகும் முறை அவர் சொல்லித்தான் தெரியும்.

நாகநாதன் அந்த இரண்டு பெண்களையும் பார்த்தார். சாட்சியோடு வாங்கிக்கொண்டால் நாளைக்கே அவர் கோர்ட்டில் போய், பாருங்கள், இவள் எனக்குக் கட்டுப்பட்டவள், இன்றும் எனக்கு அளக்கிறாள் என்று நிற்கலாம். ஐந்து மாவில் மறுபடியும் ஒரு கால் வைத்துவிடலாம். இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அம்சத்துக்கு மட்டும்தான் தெரியாது, அவள் கேட்ட பாடத்தில் அந்தப் பகுதி வரவில்லை.

"ஏ அம்சம், அவங்க ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பு" என்றார். "அவங்க தெரு முனை திரும்பினப்புறம் மூட்டையை இறக்கு."

அவள் ஒன்றும் புரியாமல் அப்படியே செய்தாள். பாய், நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் என்றார் என்னிடம். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். தங்கமணி மூட்டையை உள்ளே இழுத்துப்போகும் சத்தம் கேட்டது.